அகராதி வரிசை: முதல் வேறுபாட்டோடு முடிந்துவிடும் பேச்சு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு 6 பதக்கங்கள் கிடைத்தன. ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம். பாகிஸ்தானுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான்: ஈட்டி எறிதலில் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து வாங்கிய தங்கம். நம் ஒரே வெள்ளியும் அதே போட்டியில்தான் வந்தது, நீரஜ் சோப்ரா, 89.45 மீட்டர். ஆனால் பதக்கப் பட்டியலில் பாகிஸ்தான் 62ஆம் இடம், இந்தியா 71ஆம் இடம். அந்த வாரம் டீக்கடையில் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "ஆறு பெருசா, ஒண்ணு பெருசா? என்ன கணக்கு சார் இது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில், இது கூட்டல் கணக்கே இல்லை என்பதுதான். அகராதியில் சொற்களை அடுக்கும் அதே கணக்கு.

பட்டியல் போடுகிறவர் முதலில் தங்கத்தை மட்டும் பார்க்கிறார். அதில் ஒரு நாடு முந்திவிட்டால் விஷயம் முடிந்தது. வெள்ளி எத்தனை, வெண்கலம் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. தங்கம் சமமாக இருந்தால் மட்டும் வெள்ளிக்குப் போவார். அதுவும் சமம் என்றால்தான் வெண்கலம். அதே பாரிஸில் முதலிடத்துக்கே இந்த நிலை வந்தது. அமெரிக்காவும் சீனாவும் ஆளுக்கு 40 தங்கம். வெள்ளியில் அமெரிக்கா 44, சீனா 27. அங்கேயே தீர்ந்தது, வெண்கலத்தை எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

இப்போது கடலை, கடுகு என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் எது முதலில் வரும்? இரண்டுக்கும் முதலெழுத்து க. அடுத்த எழுத்து ஒன்றில் ட, மற்றதில் டு. ட முன்னால் வருவதால் கடலை முந்துகிறது. அதற்குப் பிறகு வரும் லை என்ன, கு என்ன என்று பார்க்கத் தேவையில்லை. கு, லைக்கு எவ்வளவோ முன்னால் இருக்கிற எழுத்து. இருந்தும் கடுகுக்கு அது உதவவில்லை. இடமிருந்து வலமாகப் போக வேண்டும், முதன்முதலில் எங்கே மாறுகிறதோ அங்கே நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டும், மிச்சத்தைக் கண்டுகொள்ளக் கூடாது. அகராதி வரிசை என்று கணிதக்காரர்கள் சொல்வது இவ்வளவுதான்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் பாக்கி. கல், கல்வி என்று இரண்டு சொற்கள். கல் முடியும் வரை எந்த வேறுபாடும் இல்லை. மூன்றாவது இடத்தில் ஒன்றில் வி இருக்கிறது, மற்றதில் ஒன்றுமே இல்லை. அந்த வெற்றிடம் எல்லா எழுத்துகளுக்கும் முன்னால் வரும் ஒரு எழுத்து என்று வைத்துக்கொண்டால் போதும். கல், கல்லூரி, கல்வி என்று வரிசை சரியாக அமைந்துவிடும்.

இது என்ன பெரிய கண்டுபிடிப்பு, குழந்தைக்குக்கூடத் தெரியுமே என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 1604இல் லண்டனில் ராபர்ட் காட்ரி முதல் ஆங்கில - ஆங்கில அகராதியை வெளியிட்டபோது, அதை எப்படிப் புரட்டுவது என்று வாசகருக்குப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. முதலில் எழுத்துகளின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சொல் 'ஏ' எழுத்தில் தொடங்கினால் புத்தகத்தின் ஆரம்பத்தில் தேடுங்கள், 'வி' எழுத்தில் தொடங்கினால் கடைசிப் பகுதிக்குப் போங்கள். 'சி' எழுத்துக்குள்ளும் இரண்டாவது எழுத்தைப் பார்த்து முன்னாலோ பின்னாலோ போங்கள் என்று விளக்குகிறார். படிக்கத் தெரிந்த பலருக்கும் அன்றைக்கு அது புதுசு.

நம்மிடமும் அப்படித்தான். திவாகரம் போன்ற நிகண்டுகள் சொற்களைப் பொருள் வாரியாகத்தான் தொகுத்தன. தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கள் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்குகள், மரங்கள் என்று. தேடிப் படிக்கிற நூல்கள் அல்ல அவை, பாட்டாக மனப்பாடம் செய்யும் நூல்கள். சூடாமணி நிகண்டில் ஒரு தொகுதி இன்னும் சுவாரசியமானது. பல பொருள் தரும் சொற்களை அது எதுகைப்படி அடுக்குகிறது, அதாவது இரண்டாவது எழுத்தை வைத்து. செய்யுள் எழுதுகிறவனுக்கு வேண்டியது எதுகைதானே, முதலெழுத்து யாருக்கு வேண்டும்? அப்புறம் 1594இல் அகராதி நிகண்டு வந்து முதலெழுத்துப்படி அடுக்கியது. அகரம் ஆதியாக அடுக்கியது, அதனால் அகர-ஆதி. நூலின் பெயரே பிற்பாடு அந்த வகை நூல்களுக்கெல்லாம் பெயராகிவிட்டது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் முடிந்தது. ஆக, தமிழில் அகராதி என்ற சொல்லே ஒரு வரிசை முறையின் பெயர். அகராதி வரிசை என்று சொல்லும்போது ஒரு விதத்தில் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறோம்.

கணினிக்குத் தெரியாத தமிழ் வரிசை

அகராதி வரிசை வேலை செய்ய முதலில் ஒன்று வேண்டும்: தனித்தனி எழுத்துகளுக்கு ஒரு வரிசை. அதில் குளறுபடி என்றால் மேலே கட்டுவது எல்லாம் குளறுபடிதான்.

மதம், மரம், மலர், மனம். இந்த நாலு சொற்களையும் தமிழ் அகராதியில் தேடினால் இப்படித்தான் வரும், மனம் கடைசியில். ஏனென்றால் நம் மெய்யெழுத்து வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிகிறது. ன கடைசி எழுத்து. ஆனால் எந்தச் சிறப்பு ஏற்பாடும் இல்லாத ஒரு நிரலிடம் இவற்றைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லிப் பாருங்கள். மதம், மனம், மரம், மலர் என்று கொடுக்கும். கணினி எழுத்துகளைப் பார்ப்பதில்லை, யூனிகோடில் அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட எண்களைத்தான் பார்க்கிறது. அந்த எண்கள் இஸ்கி என்ற பழைய இந்தியக் குறியீட்டைப் பின்பற்றியவை. எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சு, தேவநாகரி வரிசைப்படி. அதில் ன, ந பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ற, ர பக்கத்தில். ளவும் ழவும் வகரத்துக்கு முன்னால்.

புள்ளியில் இன்னொரு வில்லங்கம். நமக்கு க் என்பது ஓர் எழுத்து. அகராதியில் க் முதலில், அப்புறம் க, கா, கி. அதனால்தான் அக்காவுக்குப் பிறகுதான் அகம் வரும். கணினியோ க் என்பதை க, புள்ளி என்று இரண்டு குறிகளாக வைத்திருக்கிறது. புள்ளியின் எண் எல்லா உயிர்மெய்க் குறிகளையும் தாண்டிப் பின்னால் இருக்கிறது. அது அகத்தை முதலில் போட்டு, அக்காவைப் பின்னால் தள்ளிவிடுகிறது. விதியை இரண்டு பேரும் அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார்கள். எது ஓர் எழுத்து, எது முந்தைய எழுத்து என்பதில்தான் வேறுபாடு. நல்ல மென்பொருள்களில் இதற்காகவே மொழிவாரியாகத் தனி வரிசை விதிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தாத நிரல்களில் நம் பெயர்ப் பட்டியல்கள் இன்றும் தடுமாறுகின்றன.

எல்லாரையும் ஒப்பிட முடியுமா?

கணிதத்தில் இதை எழுத்தோடு நிறுத்துவதில்லை. எதை அடுக்கி வைத்தாலும் செல்லும். இரண்டு எண்கள் கொண்ட சோடிகளை எடுத்துக்கொள்வோம். (3, 900), (4, 0) இரண்டில் எது பெரிது? முதல் இடத்தில் 3, 4. எனவே (4, 0) பெரிது. அந்த 900 பார்வைக்குத்தான்.

இந்த முறையின் பெரிய வசதி, எந்த இரண்டைக் கொடுத்தாலும் தீர்ப்பு வரும் என்பது. சாதாரணமாக அப்படி நடக்காது. ஒரு மாணவி கணிதத்தில் 90, இயற்பியலில் 80. இன்னொருத்தி கணிதத்தில் 85, இயற்பியலில் 95. யார் மேல்? எல்லாப் பாடத்திலும் முந்தியிருந்தால்தான் மேல் என்பது உங்கள் விதியானால் பதில் கிடையாது. இவர்களை ஒப்பிடவே முடியாது. இப்படிச் சிலரை ஒப்பிடலாம், சிலரை முடியாது என்று நிற்பதைப் பகுதி வரிசை என்பார்கள். எல்லாரையும் ஒரே கயிற்றில் கோக்க முடிந்தால் அது முழு வரிசை. அகராதி முறை பகுதி வரிசையை முழு வரிசையாக்குகிறது, அதுவும் பழைய தீர்ப்புகளை மாற்றாமல். எல்லாப் பாடத்திலும் முந்தியவள் இதிலும் முந்தியே இருப்பாள். தீராத வழக்குகளை மட்டும்தான் இது தீர்த்து வைக்கிறது. எப்படி? கணிதத்துக்குச் சலுகை கொடுத்து. அந்தச் சலுகை நியாயமா என்பது கணிதம் பதில் சொல்லும் கேள்வி இல்லை.

இதில் சுற்றிச் சுற்றி வருகிற சிக்கலும் கிடையாது. ஒன்று இரண்டாவதற்கு முன்னால், இரண்டாவது மூன்றாவதற்கு முன்னால் என்றால், ஒன்று நிச்சயம் மூன்றாவதற்கு முன்னால்தான். காரணம் எளிது. முதல் இரண்டும் ஓர் இடத்தில் பிரிகின்றன, கடைசி இரண்டும் ஓர் இடத்தில் பிரிகின்றன. இந்த இரண்டு இடங்களில் எது இடப்பக்கம் இருக்கிறதோ, அங்கேதான் முதலாவதும் மூன்றாவதும் பிரியும். காகிதத்தில் மூன்று சொற்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் கண்ணிலேயே தெரியும்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போன வீடுகளுக்கு இதெல்லாம் புதிது இல்லை. கட்-ஆஃப் மதிப்பெண் 200க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இது கூட்டல். ஒரே கட்-ஆஃபில் நிறையப் பேர் நிற்கும்போது அகராதி உள்ளே வருகிறது. கணித மதிப்பெண் பார்ப்பார்கள், சமமானால் இயற்பியல், இப்படியே போய்ப் பிறந்த தேதி வரை. அதற்கும் மேல் ரேண்டம் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய இரட்டைப் பிறவிகள் வந்தாலும் தரவரிசை திணறக்கூடாது அல்லவா? முழு வரிசை கட்டாயம் வேண்டும் என்றால் கடைசியில் சீட்டுக் குலுக்கித்தான் ஆக வேண்டும்.

எண்களும் தேதிகளும்

கணினியில் பாட்டுகளை 1, 2, 3 என்று பெயரிட்டு வைத்தவர்கள் ஒரு விநோதத்தைப் பார்த்திருப்பார்கள். 1, 10, 11, 12, 2, 3 என்று வந்து நிற்கும். நிரல் அவற்றை எண்களாகப் பார்க்காமல் சொற்களாகப் பார்த்ததன் விளைவு. 10இன் முதல் 'எழுத்து' 1, அது 2க்கு முன். தீர்ந்தது. 01, 02 என்று பூச்சியம் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே நீளமாக்கிவிட்டால் வரிசை சரியாகிவிடும். ஒரே நீளமுள்ள எண்களை அகராதி முறையில் அடுக்கினாலும் மதிப்புப்படி அடுக்கினாலும் ஒன்றுதான்.

நாம் 1, 2, ... 9, 10, 11 என்று எண்ணுவதே ஒரு திருத்திய அகராதி வரிசை என்று சொல்லலாம். முதலில் நீளத்தைப் பார், நீளம் சமமானால் அகராதி முறையில் பார். இந்தத் திருத்தத்துக்குப் பின்னால் பெரிய வேலை காத்திருக்கிறது.

தேதிகளிலும் இதே கதை. 15-08-1947, 26-01-1950, 01-11-1956. சுதந்திரம், குடியரசு, மொழிவாரி மாநிலங்கள். இவற்றைச் சொற்களாக வரிசைப்படுத்தினால் 1956 முதலில் வந்து நிற்கும், 01 என்று தொடங்குவதால். நாளை முன்னால் எழுதும் நம் வழக்கம், மிகச் சிறிய விஷயத்துக்கு முதல் மரியாதை கொடுக்கிறது. 1947-08-15 என்று ஆண்டை முன்னால் வைத்தால் அகராதி வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் இந்த அமைப்பைத்தான் சொல்கிறது. கோப்புகளுக்குத் தேதி போட்டுப் பெயர் வைக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது பழகிக்கொள்ளலாம்.

தசமங்களில் ஒரு குறும்பு இருக்கிறது. 0.4999... என்று 9 முடிவில்லாமல் போகிறது, இன்னொன்று 0.5. அகராதியைக் கேட்டால் முதல் இலக்கத்திலேயே 4, 5 வேறுபடுகிறது, எனவே முதலாவது சிறியது என்று சொல்லிவிட்டுப் போய்விடும். உண்மையில் இரண்டும் ஒரே எண். ஒரே எண்ணுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருப்பது அகராதிக்குத் தெரியாது.

தலைநகர் எத்தனையாவது?

பிளஸ் ஒன் கணக்கில் இப்படி ஒரு கேள்வி வரும்: ஒரு சொல்லின் எழுத்துகளை எல்லா விதமாகவும் மாற்றி அடுக்கி, அகராதி வரிசையில் எழுதினால் அந்தச் சொல் எத்தனையாவது இடத்தில் வரும்? புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லையே கொடுக்கும். நாம் தலைநகர் என்று எடுத்துக்கொள்வோம். த, லை, ந, க, ர் என்று ஐந்து எழுத்துகள், எல்லாம் வேறு வேறு. மொத்தம் 5 x 4 x 3 x 2 x 1 = 120 அடுக்குகள். எழுத்துகளின் தமிழ் வரிசை க, த, ந, ர், லை. ர் சொல்லுக்கு முன்னால் வரலாமா என்று தொல்காப்பியம் எடுத்துக்கொண்டு வராதீர்கள், இங்கே அர்த்தமோ இலக்கணமோ பார்க்கவில்லை.

தலைநகர் த-வில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் க-வில் தொடங்குபவை எல்லாம் வந்து போயிருக்க வேண்டும். மிச்ச நாலு எழுத்துகளை 24 விதமாக அடுக்கலாம், எனவே 24 போயிற்று. இப்போது த-வை நிலைநிறுத்துங்கள். இரண்டாவது எழுத்து லை. மிச்சமிருப்பதில் க, ந, ர் மூன்றும் லைக்கு முன்னால். ஒவ்வொன்றுக்கும் 6 அடுக்குகள், ஆக 18. மூன்றாவது எழுத்து ந. அதற்கு முன்னால் க மட்டும், 2 அடுக்குகள். நான்காவது க, அதற்கு முன்னால் யாரும் இல்லை. 24 + 18 + 2 = 44 பேர் முன்னால் போய்விட்டார்கள். தலைநகர் 45ஆவது.

அடுத்த கேள்வி இதைவிட அழகு. 120ஐயும் எழுதாமல், 45ஆவதைப் பார்த்தே 46ஆவதைச் சொல்ல முடியுமா? முடியும். 1356இல் நாராயண பண்டிதர் தம் கணித கௌமுதியில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார். கணினி நிரல்களில் இன்றைக்கும் ஓடுவது கிட்டத்தட்ட அதேதான். வலப்பக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். எந்த இடத்தில் ஓர் எழுத்து தன் வலப்பக்கத்து எழுத்தைவிட முந்தையதாக இருக்கிறதோ அங்கே நில்லுங்கள். அந்த எழுத்தை, அதற்கு வலப்பக்கம் இருப்பவற்றில் அதைவிடப் பிந்தையதும் அதற்கு மிக நெருங்கியதுமான எழுத்தோடு மாற்றுங்கள். அப்புறம் அந்த இடத்துக்கு வலப்பக்கம் இருப்பதை அப்படியே திருப்பிப் போடுங்கள். தலைநகர் என்பதில் கடைசி இரண்டு க, ர், க முந்தையது. மாற்றினால் தலைநர்க, 46ஆவது. அதற்கடுத்து? தலைநர்க-வில் வலமிருந்து வந்தால் ர், க என்பது இறங்கு வரிசை, எனவே ந-வில் நிற்கிறோம். ந-வை ர்-ஓடு மாற்றி, மிச்சத்தைத் திருப்பினால் தலைர்கந. மேலே செய்த எண்ணிக்கையை இதற்கும் செய்து பாருங்கள், 47 வரும்.

முதல் வேறுபாட்டில் தீர்ப்பு என்பதன் மறுபக்கம்தான் இது. அடுத்த சொல்லுக்குப் போக வேண்டுமானால் முடிந்தவரை வலக்கோடியில் கை வைக்க வேண்டும். இடப்பக்கத்தைத் தொட்டால் வெகுதூரம் தாவிவிடும்.

ஒரே எண்ணாகச் சுருக்கலாமா?

டீக்கடையில் பேப்பர் பார்த்தவரின் கேள்விக்குத் திரும்புவோம். அவருக்கு வேண்டியது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். அதைக் கொடுத்துவிடலாம். பாரிஸில் மொத்தம் 329 போட்டிகள். எந்த நாடும் எந்த வகையிலும் ஆயிரம் பதக்கம் வாங்க வழியில்லை. எனவே வெண்கலத்துக்கு 1, வெள்ளிக்கு 1,000, தங்கத்துக்கு 10,00,000 என்று வைத்துக் கூட்டுங்கள். அமெரிக்கா 4,00,44,042. சீனா 4,00,27,024. பாகிஸ்தான் 10,00,000. இந்தியா 1,005. மனசுக்கு ஆறுதல் தராத எண்தான். ஆனால் பட்டியலின் வரிசை அச்சாக வந்துவிடுகிறது.

பதக்கங்களுக்கு உச்சவரம்பே இல்லை என்றால்? அப்போதும் வழி உண்டு. தங்கம், வெள்ளி இரண்டு மட்டும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தங்க எண்ணிக்கைக்கும் ஒரு வீடு: 5 தங்கம் வாங்கியவர்களுக்கு 5க்கும் 6க்கும் இடையிலான இடம். அதற்குள் வெள்ளி 0 என்றால் 5, வெள்ளி 1 என்றால் 5 1/2, வெள்ளி 2 என்றால் 5 2/3, அப்புறம் 5 3/4 என்று நெருக்கி உட்கார வைக்கலாம். எத்தனை கோடி வெள்ளி வந்தாலும் 6ஐத் தொடாது.

இப்போது பதக்கத்தை விட்டுவிட்டு, எந்த மெய்யெண்ணும் வரக்கூடிய அளவுகளுக்குப் போவோம். ஒருவருக்கு அரிசி முக்கியம். துளி அரிசி கூட இருந்தாலும் அந்தப் பையைத்தான் எடுப்பார். அரிசி இம்மி பிசகாமல் சமம் என்றால் மட்டும் எண்ணெயைப் பார்ப்பார். அரிசி 2 கிலோ, 2.5 கிலோ, 2 இன் வர்க்கமூலம் கிலோ, எதுவாகவும் இருக்கலாம். இவருடைய விருப்பத்தை ஒரே எண்ணில் எழுத முடியுமா? முடியவே முடியாது. 1954இல் பொருளியலாளர் ஜெரார் தெப்ரோ இதைக் காட்டினார். நோபல் பரிசு பிற்பாடு, 1983இல்.

நிரூபணம் நம் வீட்டுக் கணக்கிலேயே இருக்கிறது. முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அரிசி அளவை எடுத்துக்கொண்டு, எண்ணெய் இல்லாத பை, ஒரு லிட்டர் எண்ணெய் உள்ள பை இரண்டுக்கும் மதிப்பெண் போட்டால் இரண்டாவது கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். இடையில் ஒரு இடைவெளி, அதுதான் அந்த அரிசி அளவின் வீடு. அரிசி கொஞ்சம் கூடினால் அதன் வீடு முழுக்க இதைத் தாண்டித்தான் தொடங்கும். எனவே எந்த இரண்டு வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. எவ்வளவு ஒடுங்கிய வீடானாலும் அதற்குள் குறைந்தது ஒரு பின்ன எண்ணாவது இருக்கும். வீட்டுக்கொரு பின்னத்தைப் பெயர்ப்பலகையாக மாட்டிவிடலாம். ஆனால் பின்ன எண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகும் விதமாக, ஒன்றும் விடுபடாமல் வரிசையில் நிறுத்தலாம். மெய்யெண்களை அப்படி நிறுத்த முடியாது என்று கணிதவியலாளர் கேன்டர் 1874இல் நிறுவியிருக்கிறார். வீடுகள் மெய்யெண்கள் அளவுக்கு, பலகைகள் பின்னங்கள் அளவுக்கு. பலகை போதாது. ஆக, அப்படி ஒரு மதிப்பெண் கிடையாது.

எனக்கு இந்த நிரூபணத்தில் பிடித்தது, இதில் ஒரு சூத்திரம்கூட இல்லை என்பது.

முடிவில்லாமல் இறங்குவதும் முடிந்தே தீருவதும்

நீளத்தை முதலில் பார்க்கும் திருத்தத்துக்குப் பெரிய வேலை காத்திருக்கிறது என்றேன். அ, ஆ இரண்டே எழுத்துகள் உள்ள மொழியை நினைத்துக்கொள்ளுங்கள். அகராதி வரிசையில் ஆ-வுக்கு முன்னால் அஆ. அதற்கு முன்னால் அஅஆ. அதற்கும் முன்னால் அஅஅஆ. இறங்கிக்கொண்டே போகலாம், அடி தட்டாது. சொல்லின் நீளத்துக்கு வரம்பு இல்லாததால் வந்த வினை இது. நீளத்தை முதலில் பார்த்தால் இந்தப் பள்ளம் மூடிவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே எண்ணக்கூடிய சில சொற்களே இருக்கும், சீக்கிரம் தரை தட்டும்.

நீளம் நிலையாக இருந்தால் சாதாரண அகராதி வரிசையே தரை தட்டும். ஆனால் எப்போது என்று சொல்லாது. ஒரு விளையாட்டு. பையில் சில நூறு ரூபாய் நோட்டுகளும் சில ஒரு ரூபாய்க் காசுகளும் இருக்கின்றன. தினமும் இரண்டில் ஒன்று செய்ய வேண்டும்: ஒரு காசைச் செலவழிக்கலாம், அல்லது ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு தாராள மனசுக்காரரிடம் எத்தனை காசு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், கோடி காசு கேட்டாலும் தருவார். இப்படி எத்தனை நாள் ஓட்டலாம்?

கையில் ஒரே ஒரு நோட்டு, காசு இல்லை என்றால்கூட, முதல் நாள் எத்தனை காசு கேட்பீர்கள் என்பதைப் பொறுத்து ஆட்டம் பத்து நாளும் ஓடும், கோடி நாளும் ஓடும். முன்கூட்டியே ஓர் எல்லை சொல்ல முடியாது. இருந்தும் ஆட்டம் கட்டாயம் முடியும். (நோட்டு, காசு) என்ற சோடியைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் அது அகராதி வரிசையில் இறங்குகிறது. நோட்டு கூடவே கூடாது, குறையத்தான் முடியும். அது குறையாத நாட்களில் காசு குறைகிறது. எதுவும் பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது.

ஒரு கணினி நிரல் என்றைக்காவது நிற்குமா என்று கேட்பதும் இதே கேள்விதான். உள்ளே ஒரு சுழற்சி, வெளியே ஒரு சுழற்சி. வெளிச் சுழற்சி ஒரு படி இறங்கும்போது உள்சுழற்சி மறுபடி முதலிலிருந்து தொடங்கும், நோட்டை மாற்றிக் காசு வாங்குவது போல. 1949இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு கூட்டத்தில் ஆலன் டியூரிங் இதை எடுத்துச் சொன்னார். காரணீயப் பெருக்கத்தை (5 x 4 x 3 x 2 x 1 போன்றதை) கணக்கிடும் ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொண்டு, அது நிச்சயம் நிற்கும் என்று காட்ட மூன்று அளவுகளை அகராதி முறையில் அடுக்கினார். கேன்டர் உருவாக்கிய முடிவிலி வரிசை எண்களைக் கொண்டு அதை எழுதினார். கையோடு, இவ்வளவு உயரத்துக்குப் போக வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் கொடுத்தார்: முதல் அளவை 2இன் 80ஆம் அடுக்கால் பெருக்கு, இரண்டாவதை 2இன் 40ஆம் அடுக்கால் பெருக்கு, மூன்றாவதைச் சும்மா சேர், கிடைக்கும் ஒற்றை எண் ஒவ்வொரு படியிலும் குறைகிறதா என்று பார். தங்கத்துக்கு 10,00,000, வெள்ளிக்கு 1,000, வெண்கலத்துக்கு 1 என்று நாம் வைத்தோமே, அதேதான்.